வராத இருபத்து மூன்று பேர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஒரு எம்.எஸ்சி.காரியிடம் போய்க் கைகட்டி நின்றேன். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருஷம், இப்போது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். மூன்றாம் வருஷம். முப்பது வயதில், காலையில் ஒருவர் குடலை வெட்டித் தைத்த கையோடு, ஸ்டோர் ரூம் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருபது நிமிடம் காத்துக் கிடந்தேன். என் தலையெழுத்து.

விஷயம் இதுதான். செப்டம்பர் 30-க்குள் தீசிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போகும். இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று எங்கள் சீஃப் பொன்னம்பலவாணன் சாருடையது. அவர் படிக்காமலே போடுவார், பிரச்சினை இல்லை. இன்னொன்று இந்த வருஷம் புதிதாக ஆரம்பித்திருக்கும் கூத்து: புள்ளியியல் ஆசிரியர் கையெழுத்து. எங்கள் கல்லூரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பியூலா. இருபத்தேழு வயது. ஒப்பந்த வேலை. டாக்டர் கிடையாது.

"முதல் வருஷம் புள்ளியியல் பயிற்சி நடந்துச்சே, வந்தீங்களா டாக்டர்?"

"இல்ல. டியூட்டி."

டியூட்டி இல்லை. அன்று தூங்கினேன். அது அவளுக்கு எதற்கு?

"அப்ப ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு நான் எடுக்குற கிளாஸ்ல ஆறு கிளாஸ் உக்காருங்க. செவ்வாய், வியாழன், மத்தியானம் ரெண்டு மணி. அதுக்கப்புறம் உங்க சார்ட்டைப் பாக்கேன்."

"நான் எம்.எஸ். பண்றேன், பியூலா."

"தெரியும். கிளாஸ்ல மேடம்னு கூப்பிட்டா நல்லாருக்கும்."

ஒரு பாக்கெட் சிப்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு சொல்கிறாள். எண்ணெய்க் கையோடு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் வகுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயர்ப் பட்டியலில் நூற்றைம்பது பேர். "உள்ளேன்" சொன்னது நூற்று முப்பது பேர். தலையை எண்ணினால் நாற்பது சொச்சம். எனக்கு முன்னால் இருந்தவன் ஒருவனே ஆறு பேருக்குக் குரல் கொடுத்தான், ஆறு விதமாக. நல்ல திறமை. நாங்களும் அந்தக் காலத்தில் இதைத்தான் செய்தோம்.

பக்கத்துப் பையன் என்னிடம் கிசுகிசுத்தான்: "அக்கா, வயித்துவலின்னு வர்றவருக்கு வயித்தைத் தொட்டுப் பாப்போமா, சராசரி போட்டுப் பாப்போமா?" எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

முகில்வாணி என்று ஒரு பெண் கைதூக்கி ஏதோ சந்தேகம் கேட்டது. பியூலா சொன்னாள்: "நீட்ல கணக்கு கிடையாதுன்னுதான எல்லாரும் இங்க ஓடி வந்தீங்க? வந்த இடத்துலயும் கணக்கு நிக்குது பாத்தியா?" வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த வாயை வைத்துக்கொண்டு இவள் வாத்தியார். நல்லாருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஓ.பி.யில் கட்டு மாற்றவே பதினொன்றரை ஆகிவிட்டது. என் தீசிஸ் எதைப் பற்றியது என்று இங்கே எழுதியதே இல்லை. சர்க்கரை நோயாளிகளின் கால் புண். நூறு பேர். சீட்டுக் குலுக்கி ஐம்பது ஐம்பதாகப் பிரித்தேன். ஐம்பது பேருக்குப் பழைய முறை: உப்புத் தண்ணீர்க் கட்டு, தினமும் மரகதம் சிஸ்டர் மாற்றுவார். ஐம்பது பேருக்குப் புது ஜெல் கட்டு: மூன்று நான்கு நாள் அவிழ்க்கக் கூடாது, நான்தான் மாற்றுவேன். எட்டு வாரத்தில் ஆறியதா இல்லையா, அவ்வளவுதான். ஜெல் நல்லது என்று வந்துவிட்டது. மாஸ்டர் சார்ட்டில் ஆளுக்கு ஒரு வரி போட்டு எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது. இந்த வருஷம் முடிவதற்குள் சீஃப் ஜெல்லைப் பற்றி மாநாட்டில் பேசப் போகிறார். ஒரு கையெழுத்துக்காகத்தான் இந்தச் சிலுவை.

இன்று ஒரு அம்மா, அவிழ்க்காதே என்று சொல்லியனுப்பிய கட்டை அவிழ்த்து, மஞ்சள் அப்பிக்கொண்டு வந்து நிற்கிறார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு வார்த்தை உறைக்கச் சொன்னால்தான் இவர்களுக்குப் புரியும். நம் நல்லதுக்குத்தான் ஏசுகிறார் என்று அவர்களுக்கும் தெரியும். போன வருஷம் என் தீசிஸில் 34-ஆம் நம்பர், சேர்மக்கனி என்று ஒரு லோடுமேன், இப்படித்தான் அவிழ்த்துவிட்டு வந்தார். இரண்டு வார்த்தை சொன்னேன். அப்புறம் வரவில்லை. ஆறியிருக்கும், இல்லையென்றால் வராமல் எங்கே போவார்?

மத்தியானம் இரண்டாம் வகுப்பு. தூங்கினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பியூலா வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்தாள். மருத்துவ மாணவர்கள் புள்ளியியலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவள் ஏதோ ஆய்வு செய்கிறாளாம். இருபது கேள்வி. "புள்ளியியல் படிப்பது என் நேரத்தை வீணாக்குகிறது." முழுவதும் ஒப்புக்கொண்டால் ஐந்து, கொஞ்சமும் ஒப்பாவிட்டால் ஒன்று.

எனக்கும் ஒரு தாள் வந்தது. ஐந்தைச் சுற்றினேன். பேனா அழுத்தத்தில் தாள் கிழிந்துவிட்டது. "புள்ளியியல் தெரியாவிட்டால் நோயாளிக்குக் கெடுதல் வரலாம்." ஒன்று. யோசிக்கவே இல்லை.

முகில்வாணி வரவில்லை. போன வியாழனும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று நடந்த கூத்தை எழுதியே ஆக வேண்டும்.

நிரப்பிக் கொடுத்தது நாற்பத்தொரு பேர். அதில் இருபத்தொன்பது பேருக்குப் புள்ளியியல் பிடித்திருக்கிறதாம். பரவாயில்லையே, பியூலா சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். உர்ரென்று உட்கார்ந்திருந்தாள்.

"வந்தவங்ககிட்டப் போய், வர்றது பிடிச்சிருக்கான்னு கேட்டா வேற என்ன சொல்லுவாங்க? வராதவங்கதான எனக்கு வேணும்."

"வராதவங்கதான் வரலையே."

"அதான் நாம போகப்போறோம். நீங்களும் வாங்க டாக்டர், இதை ஒரு கிளாஸ் கணக்குல சேத்துக்கிடுதேன்."

கேன்டீன், கிரவுண்டு, விடுதி வாசல், பைக் நிறுத்துமிடம். கத்தைத் தாளைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போக, நான் பேனாக்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எம்.எஸ். மூன்றாம் வருஷம்! என் ஜூனியர் இரண்டு பேர் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். கேன்டீனில் ஒருத்தன் பப்ஸைத் தின்றுகொண்டே, "வரலைன்னா ஆப்சென்ட்தான மேடம் போடுவாங்க? தேடி எல்லாமா வருவாங்க?" என்று கேட்டான். நானும் அதையேதான் நினைத்தேன்.

தாளின் கடைசியில் கையால் ஒரு கேள்வி சேர்த்திருந்தாள். "நீங்கள் ஏன் வரவில்லை? உங்கள் பெயர் வேண்டாம். உண்மை வேண்டும்."

ஆகஸ்ட் 15

கொடி. ஆளுக்கு ஒரு லட்டு. மத்தியானம் வரை வார்டு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

என் வாழ்க்கையில் ஒரு வகுப்பை ரசித்துக் கேட்டேன் என்றால் அது இன்றுதான்.

வராத நூற்று ஒன்பது பேரில் தொண்ணூற்றாறு பேர் பதில் கொடுத்திருந்தார்கள். பியூலா போர்டில் எழுதினாள். தூக்கம், இத்தனை பேர். வேறு பாடம் படிக்க, இத்தனை பேர். பரீட்சையில் இரண்டு மார்க்தான் வரும் என்பதால், இத்தனை பேர். கடைசி வரி: "ஆசிரியை. முப்பத்தொரு பேர்."

அவளே ஒரு தாளை எடுத்து வாசித்தாள். "எங்கப்பா கணக்கு வாத்தியார். பன்னிரண்டாம் வகுப்பில் நான் கணக்கில் நூற்றுக்கு நூறு. கேள்வி கேட்டதற்கு வகுப்பே சிரிக்கிற மாதிரி மேடம் பேசினார். இனி வரமாட்டேன்." வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் கிடையாது. காது மட்டும் சிவந்திருந்தது. "இதையும் சேத்துத்தான் கட்டுரைல போடப்போறேன்" என்றாள்.

நன்றாக வேண்டும். வாசலில் நிறுத்தி என்னைக் காக்க வைத்தவள்தானே. ஆனால் ஒன்று, நானாக இருந்தால் அந்த வரியைச் சத்தமில்லாமல் "இதர காரணங்கள்" என்பதில் சேர்த்திருப்பேன். யாருக்குத் தெரியப் போகிறது? மக்கு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆறு வகுப்பும் முடிந்தது. பியூலாவிடம் சார்ட்டைக் கொண்டுபோனேன். பதில் கேட்டு ரத்தம் கொதிக்கிறது.

"நூறு பேருன்னு எழுதியிருக்கீங்க. கணக்குல எழுபத்தேழு பேருதான் இருக்காங்க. மிச்சம் இருபத்து மூணு பேர் எங்க?"

"எட்டு வாரம் முடியுறதுக்குள்ள நின்னுட்டாங்க. பாதியில வராம போனவங்களை எடுத்துட்டுத்தான் எல்லாரும் எழுதுவாங்க. எல்லாத் தீசிஸ்லயும் இருக்கு, எடுத்துப் பாரு."

"பாத்தேன். எல்லாத் தீசிஸ்லயும் இருக்கு." அதைப் பாராட்டாக அவள் சொல்லவில்லை. "இதுல ஜெல் கட்டுனவங்க பத்தொம்பது பேரு. பழைய கட்டு நாலே பேரு. அதே ஆஸ்பத்திரி, அதே பஸ்ஸு, அதே வெயிலு. ஒரு பக்கம் மட்டும் ஏன் இத்தன பேரு காணாமப் போனாங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஆறிடுச்சு, வரல."

"ஆறிடுச்சுன்னு பாத்தீங்களா?"

"பாக்காம எப்படிச் சொல்லுவேன்?" என்றேன். சொல்லி முடித்ததும் அந்தப் பதில் எனக்கே சரியாகப் படவில்லை.

"ஜெல்ல முப்பத்தொரு பேருல இருபத்தாறு பேருக்கு ஆறியிருக்கு. பழசுல நாப்பத்தாறு பேருல இருபத்தேழு. பி வேல்யூ பாயின்ட் ஜீரோ டூ, தற்செயலா வந்த வித்தியாசம் இல்லங்கிற மாதிரி. அழகா இருக்கு. அந்தப் பத்தொம்பது பேரைக் கூட்டிட்டு வாங்க, நான் கையெழுத்துப் போடுதேன்."

"நீ ஒரு டாக்டரா? ஒரு புண்ணைத் தொட்டிருக்கியா? நம்பரை வச்சுக்கிட்டு எங்களை மிரட்டாத."

"தொட்டதில்ல. அதான் எண்ணுதேன்."

கதவை அறைந்துவிட்டு வந்தேன். கதவு மூடவில்லை, ஸ்டோர் ரூம் கதவு மாதிரி அதுவும் உப்பிப்போய்க் கிடக்கிறது. அந்த எரிச்சல் வேறு.

ஆகஸ்ட் 25, திங்கள்

சீஃபிடம் சொன்னேன். ரவுண்ட்ஸ் நடுவில் காதைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"ஏம்மா இசக்கிச்செல்வி, பி வேல்யூ வந்துட்டுல்லா? பொறவு என்ன? வராதவன் வராதவன்தான். அந்தப் பிள்ளைக்கு வேற வேலை இல்ல. டீன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

பேசினார். டீன், கையெழுத்து இல்லாமல் தீசிஸ் போகாது என்று சொல்லிவிட்டாராம். முப்பத்தாறு நாள் இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

போன் போட ஆரம்பித்தேன். அவள் சொன்னதற்காக இல்லை, நான் பரீட்சை எழுத வேண்டும். கேஸ் ஷீட்டில் உள்ள நம்பர்களில் பாதி பேரனுடையது, மீதி பக்கத்து வீட்டுக் கடையினுடையது. ஒரு நம்பரில் ஒரு குழந்தை எடுத்து "தாத்தா செத்துப் போயிட்டாவ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. 12-ஆம் நம்பர் அது.

மாஸ்டர் சார்ட்டில் இரண்டு கட்டம் புதிதாகச் சேர்த்தேன். "இப்போதைய நிலை." "வராததற்குக் காரணம்." காரணத்துக்கு எண். 1, தூரம் அல்லது துணைக்கு ஆள் இல்லை. 2, வேறு ஆஸ்பத்திரி. 3, ஆறிவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

34-ஆம் நம்பர் வீட்டில் பேசினேன். கால் போய்விட்டது. வேறு ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

எழுத வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது, ஆபரேஷன் தியேட்டரில் கூட.

எடுத்தது சேர்மக்கனியின் மனைவி, பேச்சித்தாய். பெரியாஸ்பத்திரியிலிருந்து என்று மட்டும் சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"கால் புண்ணு எப்படிம்மா இருக்கு?"

"எந்தக் காலக் கேக்கீய? வலது கால முட்டுக்குக் கீழ எடுத்தாச்சு. சித்திரையில. வேற ஆஸ்பத்திரில. இப்ப இடது கால்லயும் ஒரு கொப்புளம் கெளம்பியிருக்கு."

"ஏன் இங்க வராம நின்னுட்டீங்க?"

"வந்தோமே! மூணு தடவ வந்தோம். கட்டுக்குள்ள நாத்தம் அடிக்குன்னுதான் அவிய அவுத்துப் பாத்தாவ. உள்ள சீழு. அதச் சொல்லத்தான் அன்னைக்குக் காலைலயே பஸ் ஏறி வந்தோம். அங்க ஒரு டாக்டரம்மா, கண்ணாடி போட்ட புள்ள, என்ன ஏதுன்னு கேக்கல. 'சாகணும்னா வீட்டுலயே கெடந்து சாவும், என் தீசிஸக் கெடுக்காதீரும்'னு அத்தன சனத்துக்கு முன்னால ஏசிட்டா. தீசிஸுன்னா என்னன்னு எங்களுக்கு எங்க தெரியும்? ஏதோ பெரிய சாமானக் கெடுத்துட்டோம்போலன்னு அவிய ரெண்டு நாளு சோறு திங்கல. இனிம அந்த வாசல மிதிக்க மாட்டேன்னுட்டாவ."

நான் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். அன்று எத்தனை நோயாளிகள், எத்தனை மணி நேரம் நின்றேன், அதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அவிழ்த்தது சரி. நாற்றம் அடித்தால் எந்தக் கட்டையும் அவிழ்க்கத்தான் வேண்டும். இரண்டாம் வருஷப் பையனுக்குக் கூடத் தெரியும். அந்த லோடுமேனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் புண்ணைப் பார்க்கவில்லை, அவிழ்ந்திருந்த கட்டைத்தான் பார்த்தேன்.

"அந்தப் புள்ள இன்னும் அங்கதான் இருக்கா?" என்று கேட்டார் பேச்சித்தாய்.

"இல்லம்மா. அவங்க மாறிப் போயிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. அப்ப அடுத்த வியாழக்கிழம கூட்டியாறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? இடது காலையாவது காட்டட்டும் என்றுதான். வேறு எதற்கு?

செப்டம்பர் 8, திங்கள்

பத்து பேர் ஆயிற்று. காரணக் கட்டத்தில் 4 என்று ஒரு எண் சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

மரகதம் சிஸ்டரிடம், "உங்க பக்கம் மட்டும் எப்படி எல்லாரும் ஒழுங்கா வந்தாங்க?" என்று கேட்டேன். "நான் என்ன செஞ்சேன்? சாப்பிட்டீங்களான்னு கேப்பேன். அவ்ளோதான்" என்றார். இந்தப் பதிலை எந்த எண்ணில் போடுவது?

செப்டம்பர் 11, வியாழன்

வந்தார்கள்.

மரகதம் சிஸ்டரைப் பார்க்கச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பாழாய்ப்போன நேரம், சிஸ்டருக்கு இன்று லீவு. முகக்கவசம் போட்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்தேன். ஓ.பி.யில் வியர்வைக்கு வழுக்குகிறது, அதனால்தான்.

ஊன்றுகோலோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். போன வருஷம் முதல் தடவை வந்தபோது, அரிசி மூட்டை இரண்டை ஒரே தடவையில் தூக்குவேன் என்று என்னிடம் சொன்ன ஆள். பாதியாக இருந்தார். பேச்சித்தாய் வாசல் பக்கம் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இடது பாதத்தை மடியில் வைத்துக் குனிந்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே கொப்புளம். எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கிட்டே, இன்னும் கிட்டே போனேன், மூக்கு இடிக்கிற அளவுக்கு.

சேர்மக்கனி குனிந்து, மனைவிக்குக் கேட்காத மாதிரி சொன்னார்: "கண்ணாடியப் போட்டுக்கிடுங்கம்மா. இந்த ஒரு காலுதான் இருக்கு, பாத்துக் கட்டுங்க. நான் அவகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

டிராயரைத் திறந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். கொப்புளத்துக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு, சீழ் ஆரம்பிக்கிற இடம். கண்ணாடி இல்லாமல் விட்டிருப்பேன். சுத்தம் செய்து, உப்புத் தண்ணீரில் கட்டினேன். தினமும் அவிழ்த்துப் பாருங்கள், நாற்றம் வந்தால் எந்த நேரமும் வாருங்கள் என்றேன். பேச்சித்தாய் என் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். ஊன்றுகோலை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்துவிட்டார்.

ஏசியிருக்கலாம். நாலு பேர் முன்னால் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

வார்டில் ஜெல் கட்டியிருந்த ஆறு பேரையும் அவிழ்த்துப் பார்த்தேன். நாலு நன்றாக இருக்கிறது. இரண்டில் நாற்றம். சீஃபைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

சேர்மக்கனி வந்தார். மகன் கூட்டிவந்தான். பேச்சித்தாய் வரவில்லை. புண் காய்ந்து வருகிறது.

செப்டம்பர் 22, திங்கள்

இருபத்து மூன்றில் இருபத்தொரு பேர் கிடைத்துவிட்டார்கள். இருவர் கிடைக்கவே இல்லை, ஊரை விட்டே போய்விட்டார்களாம். இரண்டு பேரும் ஜெல் கட்டியவர்கள்.

ஜெல்லில் கிடைத்த பதினேழு பேர்: ஆறியது மூன்று பேருக்கு. இன்னும் புண்ணோடு ஐந்து பேர். விரலோ காலோ போனது ஏழு பேருக்கு. இறந்தது இரண்டு பேர். பழைய கட்டில் நாலு பேர்: மூன்று பேருக்கு ஆறியது, ஒருவருக்கு இல்லை.

கிடைக்காத இருவரையும் ஆறாதவர்கள் என்றே வைத்து நானே போட்டுப் பார்த்தேன். ஜெல்லில் ஐம்பதுக்கு இருபத்தொன்பது. பழைய கட்டில் ஐம்பதுக்கு முப்பது. பி வேல்யூ பாயின்ட் எயிட் ஃபோர். அதாவது ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த அழகான பாயின்ட் ஜீரோ டூ, வாசலை மிதிக்க மாட்டேன் என்று போனவர்களை விட்டுவிட்டு எண்ணியதால் வந்தது.

முதல் தடவையாக ஒரு கணக்கை நானே முழுசாகப் போட்டேன். எனக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

சீஃபிடம் இரண்டு சார்ட்டையும் காட்டினேன். வாசித்துப் பார்த்ததே அதிசயம்.

"என்னம்மா இது? மாநாட்டுக்குத் தலைப்புக் குடுத்தாச்சு. ஜெல்லு வேல செய்யலன்னு நான் மேடைல நின்னு சொல்லணுமா? எதுக்கு இதத் தோண்டுத? பழைய சார்ட்டையே வையி. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது சொல்லிச் சமாளி."

"ஏழு பேருக்கு விரலும் காலும் போயிருக்கு சார்."

"சக்கர வியாதிக்காரனுக்கு கால் போகத்தான் செய்யும்."

இதே வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அவர் வாயில் கேட்கும்போது ஓங்கி அறையலாம் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

"புதுசுலதான் சார் கையெழுத்து வேணும்" என்றேன்.

பழைய சார்ட்டை மடித்து ஓரமாக வைத்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். "போடுதேன். ஆனா பரீட்சை அன்னைக்கு வெளிய இருந்து வர்றவன் ஒன்ன வறுத்தெடுத்தான்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். தெரிஞ்சுக்கோ."

தெரிந்துகொண்டேன். அவர் சொன்னால் செய்வார். போன வருஷம் ஒருத்தரை அப்படித்தான் மூழ்கவிட்டார்.

செப்டம்பர் 29, திங்கள்

நாளை கடைசி நாள். பியூலாவிடம் போனேன். இந்தத் தடவை காக்க வைக்கவில்லை. சார்ட்டை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். சிப்ஸைத் தள்ளி வைத்துவிட்டாள் என்பதையும் நியாயமாக எழுத வேண்டும்.

"எல்லாம் சரியா இருக்கு. கடைசிக் கட்டத்துல மட்டும் ஒண்ணு. காரணம் 1, 2, 3-க்குக் கீழ விளக்கம் எழுதியிருக்கீங்க. 4-க்கு விளக்கம் இல்ல. 4-னா என்ன?"

"இதர காரணங்கள்னு போட்டுக்கோ."

"பதினொரு பேரு இருக்காங்க. பதினொண்ணும் ஜெல் பக்கம். இதரம்னு எப்படிப் போடுறது?"

பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ தாளை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்க அங்கே ஒன்றும் இல்லை. மேஜை மேல் அவளுடைய கட்டுரை இருந்தது, அந்த முப்பத்தொரு பேர் வரியோடு.

எழுதினேன். "4: ஆய்வாளர் ஏசியதால் வரவில்லை."

திரும்பி வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, மை காய ஊதினாள்.

"ஆறு கிளாஸ்ல ஒரு தடவ கூட மேடம்னு கூப்பிடல நீங்க."

"இப்பவும் கூப்பிடப் போறதில்ல" என்றேன்.

"சரி" என்றாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தீசிஸ் போய்விட்டது.

ஓ.பி.யில் இன்று நாற்பத்து நாலு பேர். யாரையும் ஏசவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு பேரை ஏசினேன். இரண்டு பேர் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டு மாற்ற வராவிட்டால் கூப்பிட வேண்டும், என் பெயரைச் சொல்லி.